பின்னால் நடந்து தேறிய பரீட்சை

உலகத்திலேயே ஒரு கணக்குப் பரீட்சையைப் பின்னால் நடந்தே தேறியவன் எங்கள் நல்லேப்பிள்ளி ஊர்ச் சென்னிமலை ஒருவன்தான். அவன் நடந்த வேகத்தில் சித்தூர்ப் புழை ஆறே ஒதுங்கி வழிவிட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள். அவனுடைய தாய்மாமன் குப்பண்ணனும் நம்பவில்லை. வினையே அங்கேதான்.

"சர்க்கார் குமாஸ்தா பரீட்சை தேறுனாத்தான் எம்பட பொண்ணு" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, வயலு வாய்க்கா எல்லாம் இருக்குதுங்களே, பரீட்சை எதுக்குங்க?" என்றாள் சென்னிமலையின் தாய் முத்தாத்தாள்.

"அந்த வரிசைக் கணக்கு இருக்குது பாரு, பெரிய பெரிய ஆளுகளே அதுல கவுந்திருக்கறாங்க" என்ற குப்பண்ணன், ஏனோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த பரீட்சை அது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் எந்த வயதிலும் உட்காரலாம். எல்லா ஊருக்கும் ஒரே கேள்வித்தாள். 'இரண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது. அடுத்தது எது?' என்று கேட்பார்கள். சென்னிமலை அந்த எண்களை முறைப்பான். அவையும் அவனை முறைக்கும்.

குப்பண்ணனின் மகள் கமலாத்தாள்தான் கிணற்றடியில் வழி சொன்னாள். "ஏனுங் மச்சான், தண்ணி எறைக்கறப்பப் பாட்டுத்தான படிக்கறீங்க? அதுக்குப் பதிலாக் கணக்கச் சொல்லிப் பாருங்களே."

அங்கே நீர் இறைப்பது மாடு பூட்டித்தான். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு அவை திரும்பாமல், பின்னாலேயே அடிவைத்து மேட்டுக்கு ஏறவேண்டும். ஓட்டுகிறவனும் அப்படியே.

சென்னிமலை இறங்கும்போது எண்களைச் சொன்னான். ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் ஏறும்போது எண்களும் பின்னால் நடந்தன. இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு எட்டு. பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு ஆறு. ஆறிலிருந்து இரண்டுக்கு நாலு. ஆகா! அப்படியானால் இருபதுக்கு அடுத்துக் கூட்டவேண்டியது பத்து!

"முப்பது!" என்று அவன் போட்ட கூச்சலில் கிணற்றுத் தவளைகள் மேலே வந்து எட்டிப்பார்த்தன.

கணக்கு வந்தது. ஆனால் பின்னால் நடந்தால்தான் வந்தது. வீட்டில் யாராவது எண்ணைச் சொன்னால் போதும், கால் தானாகப் பின்னால் போகும். மோர்ப்பானை போனது. அடுத்து ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தான். முத்தாத்தாள் அவனைத் தூணில் கட்டிவைத்துக் கணக்குக் கேட்டாள். தூணோடு நடந்தான். கூரை இறங்கியது.

"சாமி, நீ தேறாட்டியும் பரவாயில்ல, ஊடு நிக்கட்டும்!" என்று அவள் கும்பிட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. சித்தூர் மண்டபத்தில் சென்னிமலை பெஞ்சில் உட்கார்ந்தான். தலைக்குள் ஓர் எண்கூட அசையவில்லை. தேறாவிட்டால் கமலாத்தாள் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். எழுந்தான்.

"ஏனுங்க, கொஞ்சம் பின்னால நடந்துக்கட்டுங்களா?"

மேற்பார்வைக்கு வந்த வேதமுத்து திருநெல்வேலிக்காரர். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிட்டார். "சீக்கிரம் போயிட்டு வாரும்வே."

சென்னிமலை தாளைப் பார்த்து விடை எழுதியபடியே பின்னால் நடந்தான். மைக்கூடுகள் உருண்டன. பெஞ்சுகள் சாய்ந்தன. "அறுபத்திமூணு!" என்று கத்தினான், மண்டபமே அறுபத்திமூன்று என்று எழுதிக்கொண்டது. வேதமுத்து ஓடிவந்து அவன் வாயில் துண்டைத் திணித்தார். வாய் அடைபட்டதும் கால் இன்னும் வேகமெடுத்தது. கடைசி பெஞ்சில் பல்வலிக்காரர் ஒருவர் முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னிமலையின் பின்னந்தலை அவர் நெற்றியில் மோதிய ஓசைக்கு, கோயில் மணி என்று தெருவில் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேதமுத்து பாவம், அந்த மனிதரைத் தூக்கி உட்காரவைத்து, அவிழ்ந்த துண்டைத் தம் கையாலேயே கட்டிவிட்டார். சென்னிமலை திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் கணக்கு வாசலுக்கு வெளியேதான் கிடைத்தது.

அன்று மாலை குப்பண்ணனும் நெற்றி வீங்கித்தான் வீட்டுக்கு வந்தார்.

"கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனேன். மாடு முட்டிருச்சு" என்றார். கமலாத்தாள் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

முடிவு வந்தது. சென்னிமலை முதலாவது! ஊரே வெல்லம் தின்றது. குப்பண்ணன் மட்டும் குதித்தார்.

"பின்னால நடந்தா கணக்கு வருமா? எவன் தாளையோ பாத்து எழுதிப்போட்டான். பரீட்சைக் கூடத்துல நடக்க உடுவாங்களா? கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும், பொண்ணக் குடுக்கறேன்!"

"கூட்டியாறமுங்க" என்றாள் முத்தாத்தாள்.

மறுநாளே வேதமுத்துவை வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். ஊர் கூடிவிட்டது. கமலாத்தாள் கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேதமுத்து வாசலில் செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்து குப்பண்ணனைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களா! பல்வலி இப்பம் தேவலையா? வருசா வருசம் விடாம வந்து எழுதுதீயளே, அடுத்த வருசமாவது தேறிருவிய!"



குப்பண்ணன் நெற்றியை மெல்லத் தடவிக்கொண்டார்.

"தாம்பாளத்தை எடுத்துட்டு வா, கமலாத்தா" என்றார். "நடந்தது நெசந்தான். அன்னிக்கு என்னை முட்டுன மாடு இவந்தான்."