கழுதைகள் அணிக்கு எதிராக ஓர் அர்ச்சனை

ஷ்லீரன்,
ஒக்டோபர், சனிக்கிழமை

மதிப்புக்குரிய பாலசிங்கம் அத்தானுக்கு,

சுவிஸ் ஷ்லீரனிலிருந்து மைத்துனன் குகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அண்மைக்காலமாக அவருக்கும் எனக்கும் அவ்வளவு சரியில்லை, காரணம் கீழே வருகிறது. இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் அக்கா பாசத்தோடு அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். பிறகு நோர்வேயிலிருந்து சிட்னி வரை ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொல்வார்கள். அதனால்தான் தபால்.

விஷயம் உங்கள் மருமகன், என் மகன் ஆரணனைப் பற்றியது. அவனுக்கு முதன்முதலில் கூடைப்பந்து வாங்கிக் கொடுத்தது நீங்கள் என்பதை நான் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். குத்திக்காட்டத்தான் செய்கிறேன். மற்ற மாமாமார் சேட்டுத்துணி கொண்டுவந்தார்கள், நீங்கள் பந்து கொண்டுவந்தீர்கள். அன்றைக்கு வளரத் தொடங்கியவன் கதவு நிலையில் தலை இடிக்கும் வரைக்கும் நிற்கவில்லை. இருந்தும் படிப்பைக் குழப்பவில்லை, அதைச் சொல்லவேண்டும். நான் இத்தனை வருடமாகத் தரை துடைக்கிற அதே இயந்திரத் தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே நிரந்தர வேலையும் எடுத்தான். நான் துடைத்த தரையில் என் பிள்ளை பெரிய மெஷினுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த முதல் நாள், வாளியோடு கழிவறைக்குள் போய் அழுதேன். சந்தோசத்தில்தான் அத்தான்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. சூரிச்சில் இவனோடு ஒரே கிளப்பில் ஆடிய மெக்சிக்கோக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்பி, அங்கே தொழில்முறை லீக்கில் ஓர் அணிக்குக் கோச்சாகி, "ஒரு சீசனுக்கு வா" என்று கூப்பிட்டான். இவன் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் போய்விட்டான். இவனுடைய ஷெஃப், அதாவது வேலையிடத்து மேலாளர், நல்ல மனிதர். நவம்பர் முதலாம் திகதிவரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன் என்று என்னிடமே சொன்னார். லீக் ஆட்டங்களோடு அணி வீட்டுக்குப் போனால் ஆரணன் நேரத்துக்கு வந்து சேருவான். பிளே-ஓஃப் என்கிற அடுத்த சுற்றுக்குப் போனால் வேலை போய்விடும். ஆகவே என் பிள்ளையின் அணி தோற்கவேண்டும். இதில் எனக்கு வேறு வழி இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

அணியின் பெயர் புர்ரோஸ். அவர்கள் பாஷையில் கழுதைகள். சிறுவயதில் நான் அவனைக் கழுதை என்று ஏசினால் அவன் தாய் ராஜேஸ்வரி என்னோடு கதைக்கமாட்டாள். இப்போது அதையே பனியனில் எழுதி, முதுகில் இலக்கமும் போட்டு அவன் நிற்கிற படத்தைச் சாமி அறையில் வைத்து விளக்குக் கொளுத்துகிறாள். ஊருக்கு நான் "கம்பனி அலுவலாக மெக்சிக்கோ போயிருக்கிறான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். தமிழ்க்கடை தில்லைநாயகி அக்கா ஒரு நாள் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே போனை நீட்டினார். அதில் உங்கள் மருமகன், கழுதை வேடம் போட்ட ஒருவனோடு மைதான நடுவில் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதுதானோ உங்கட மகன்ரை கம்பனி?"

"ஓம் அக்கா. இது மார்க்கெற்றிங் பகுதி."

அதற்குப் பிறகு எனக்குக் கத்தரிக்காயே பிடிக்கவில்லை.

மனிதரால் முடியாததை மேலே ஒப்படைப்போம் என்று கோயிலுக்குப் போனேன். என் பிள்ளை தோற்கவேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ஆகவே அந்த வாரம் அவர்களோடு மோதவிருந்த அணி வெல்லவேண்டும் என்று அர்ச்சனைத் துண்டு எடுத்தேன். பார்த்தால் அது நல்ல காரியந்தானே? ஐயர் தட்டை வாங்கினார்.

"ஆற்றை பேருக்கு?"

"தெரிஞ்ச ஆக்கள் ஐயா. பெலிக்கானோஸ்."

"நட்சத்திரம்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. போனில் தேடி அணி தொடங்கிய திகதியைச் சொன்னேன். ஐயரும் போனை எடுத்துப் பஞ்சாங்கம் பார்த்து, "மகம், சிம்மராசி" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மகா நக்ஷத்ரே, சிம்ம ராசௌ, பெலிக்கானோஸ் நாமதேயஸ்ய" என்று கணீரென்று சொன்னார் பாருங்கள், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் யாரோ பெரிய இடம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ஞாயிறு பெலிக்கானோஸ் படுதோல்வி. அடுத்த கிழமை வேறோர் அணிக்குச் செய்தேன், அதுவும் தோல்வி. நான் அர்ச்சனை செய்த அணி எதுவும் உருப்படவில்லை. கழுதைகளோ மேலே மேலே ஏறினார்கள். கடைசியில் ஐயரிடமே முறையிட்டேன்.

"ஐயா, பலன் ஒண்டும் தெரியேல்லையே?"

"எப்பிடித் தெரியும்? உங்கட வீட்டம்மா ஒவ்வொரு வெள்ளியும் வந்து கழுதையளுக்குச் செய்விக்கிறா. நீங்கள் வெறும் அர்ச்சனை, அவ பாலாபிஷேகம்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"வாற ஆக்களின்ரை வேண்டுதலை வெளியில கதைக்கக்கூடாது."

ஆனால் என் வேண்டுதலை அவர் அடுத்த வெள்ளியே அவளிடம் கதைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை முழுவதும் எழுதினால் தபால் பாரம் கூடும். "பெத்த பிள்ளை தோக்கவேணுமெண்டு தேங்காய் உடைச்ச முதல் தேப்பன் நீங்கள்தான்" என்றாள். "வேலை போனால் நீயோ குடுப்பாய்?" என்றேன். "அவன் ஓடுறதை ஒருக்கால் எண்டாலும் இருந்து பாத்தனீங்களோ?" என்றாள். பார்க்கவில்லைத்தான். பார்த்து என்ன? பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுபோய் ஓட்டைக் கூடையில் போடுவது, அது கீழே விழுவது, திரும்ப எடுப்பது. தரை துடைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது என் சாப்பாடே அணியின் கையில் இருக்கிறது. ஞாயிறு ஆட்டங்கள் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும். கழுதைகள் வென்றால் புட்டும் முட்டைக் குழம்பும், தோற்றால் முதல்நாள் வாங்கிய காய்ந்த பாண். ஞாயிற்றுக்கிழமையில் குழாய் திறந்தாலே முறைக்கிற சுவிஸ் இது. இவள் போடுகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா முறைப்பாடு செய்ய ஏறி வந்தார். வந்தவர் புட்டோடு இருந்துவிட்டார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கோச் செய்வது பிழை என்று ராஜேஸ்வரிக்கு விளக்கம் சொல்கிறார்.

நாளை கடைசி லீக் ஆட்டம். வென்றால் பிளே-ஓஃப். நான் சொன்னால் ஆரணன் கேட்கமாட்டான், பந்து தந்த மாமா சொன்னால் கேட்பான். அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். கடிதம் கிடைத்தவுடன் அவனுக்குப் போன் எடுங்கள். வென்றாலும் தோற்றாலும் உடனே சுவிஸுக்குத் திரும்பி, விளையாட்டை விட்டு ஒழுங்கான மனிதனாகும்படி சொல்லுங்கள்.

அக்காவின் முழங்கால் நோ குறைய வேண்டுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்களுக்குப் பந்து எதுவும் வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
குகநாதன்

பி.கு.: இது திங்கள் பின்னேரம் எழுதுவது. நேற்று ஆட்டத்தை முழுதாக இருந்து பார்த்தேன், தோற்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்றுதான். ஆரணன் நன்றாக ஆடினான் அத்தான். எனக்கு அந்த ஆட்டம் விளங்காது, ஆனாலும் நன்றாக ஆடினான். கடைசிக் கட்டத்தில் அந்தக் கோச் இவனை வெளியே எடுத்து மைதான ஓர வாங்கில் இருத்திவிட்டான். இவன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான், ஆரும் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோற்றார்கள். பிறகு போன் எடுத்தான். "அப்பா, முடிஞ்சுது. அடுத்த சீசனுக்கும் கேக்கினம், ஏலாதெண்டு சொல்லப்போறன். நான் வாறன், நீங்கள் சந்தோசமாயிருங்கோ" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் கேட்டது முழுவதும் கிடைத்துவிட்டது. முன்னால் இருந்த பாணைத் தள்ளி வைத்தேன்.

இன்று காலை நான் தரை துடைத்துக்கொண்டிருக்க ஷெஃப் வந்து தோளில் தட்டி, "விளையாட்டு முடிந்துவிட்டதாமே, இனி உன் மகன் ஒழுங்கான மனிதனாகலாம்" என்று சிரித்தார். நான் மூன்று மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அதே வசனம். இன்னொருவர் வாயில் கேட்டபோது காது எரிந்தது. "என்ரை மகன் வரமாட்டான், அந்த இடத்தை வேற ஆருக்கும் குடுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மத்தியானமே வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆரணனுக்கு இது தெரியாது. வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டுகிறான். தாயிடம் சொல்ல எனக்குப் பயம், அவனிடம் சொல்ல வெட்கம். கடிதம் போய்ச்சேர நாளாகும் என்பதால் இதைப் படம் எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்புகிறேன், அக்கா குழுவில் போட்டாலும் பரவாயில்லை. உடனே போன் எடுத்து, வரவேண்டாம், அங்கேயே கையெழுத்துப் போடு என்று அவனுக்குச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், மாமாவின் விருப்பம் என்று சொல்லுங்கள்.