கதவுக்கு வெளியே நிற்கும் மனிதன்

அன்புள்ள ஹெர்மினா அக்காவுக்கு,

தம்பி ஆல்பின் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டி லவேர்னும் நலம்; என் ரத்த அழுத்தமும் டாக்டர் முகம் சுளிக்காத அளவில் இருக்கிறது. அங்கே நீயும் அத்தானும் பூனையும் அப்படியே என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

மூன்று மாதமாக ஏன் போன் இல்லை என்று கேட்டிருந்தாய். நான் ஐரோப்பிய ஓவியங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் லவேர்ன் சர்ச் படிக்கட்டில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் அல்லவா, அதற்கு முந்தின வாரம்தான் பெரிய அருங்காட்சியகத்தில் முதியவர்களுக்கான ஓவிய வகுப்பில் சேர்ந்திருந்தாள். "எனக்குப் பதிலா நீ போ. பாத்துட்டு வந்து சொல்லு" என்று படுக்கையிலிருந்து உத்தரவு. முப்பத்தெட்டு வருஷம் வீடுகளுக்குக் கூரை போட்டவன் நான்; ஓவியத்திலும் கூரைதான் கண்ணில் படும். முதல் புதன்கிழமை, ஏசு பிறந்த தொழுவத்தை ஒன்பது பேர் வரைந்திருந்ததைப் பார்த்தேன். ஒன்பதிலும் கூரை ஓட்டை. ஒன்றில் உத்தரத்தைத் தாங்க எதுவுமே இல்லை, அதன் அடியில் மூன்று ராஜாக்கள் நிம்மதியாக மண்டியிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் விளக்கினேன்.

"நான் கூரையக் கேட்டேனா? அந்தம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

"எந்தம்மா?"

"ஏசுவோட அம்மா, ஆல்பின்."

கவனிக்கவில்லை என்றேன். திரும்பிப் படுக்க முடியாததால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து முகங்களைப் பார்த்தேன். ஒரு படத்தின் முன் பத்து நிமிஷமாவது நிற்க வேண்டும் என்று ஆசிரியை மிஸ் விட்காம் சொல்லியிருந்தார். ஹாலந்துக் கிழவர் ஒருவரை உற்றுப் பார்க்கக் குனிந்தேன், எச்சரிக்கை மணி அடித்தது. காவலர் ரோஸ்கோ மெதுவாக நடந்து வந்து, "அவரு எங்கயும் போயிட மாட்டாரு, பெரியவரே. ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க" என்றார். கிழவரின் மருவில் இரண்டு முடி இருந்தது. வரைந்தவன் இரண்டையும் தனித்தனியாக வரைந்திருந்தான். இதைச் சொன்னபோது லவேர்ன் சிரித்தாள், விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாக. அதன் பிறகு புதன்கிழமை மாலை நாலு மணிக்கே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஐந்தாவது புதன்கிழமை பெஞ்சில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வகுப்பே கலைந்து போயிருந்தது. "குறட்டைக்கு இங்க தடை இல்ல, அதான் எழுப்பல" என்றார் ரோஸ்கோ. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசு வராமல், வழியில் காரிலேயே ஒரு படத்தைக் கற்பனையில் தயார் செய்தேன். சமையலறையில் விளக்கு எரிகிறது, வெளியே மழையில் தொப்பியோடு ஒருவன் நிற்கிறான், கதவைத் தட்டக் கையைத் தூக்கியிருக்கிறான், தட்டவில்லை.

"ஏன் தட்டல?"

"வரைஞ்சவன் சொல்லல."

மற்ற படமெல்லாம் போயிற்று. தினமும் அந்தப் படத்தைப் பற்றியே கேள்வி. நானும் கேட்கக் கேட்கச் சேர்த்துக்கொண்டே போனேன். ஏப்ரலில் ஊன்றி நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் படத்தைக் காட்டு."

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். என்னைக் காப்பாற்றச் சொல்லி முன்கூட்டியே ரோஸ்கோவின் காலில் விழாத குறையாகக் கேட்டு வைத்திருந்தேன். அவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அது சுத்தம் பண்ணப் போயிருக்கும்மா" என்றார். லவேர்ன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நானூறு வருஷத்துப் படம். அதுல கதவுக்குக் கொசுவலை போட்டிருந்துச்சுன்னு சொன்னே. எனக்கு இடுப்புதான் உடைஞ்சுது, ஆல்பின்."

ரோஸ்கோ அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"எழுபத்தொம்பதுல சண்டை போட்டுட்டு உங்க அக்கா வீட்டுல பதினோரு நாள் இருந்தியே. அப்பதானே இப்படி நின்னே?"

ஆமாம் என்றேன். அக்கா, இது உனக்கும் தெரியாது. உன் வீட்டிலிருந்து கிளம்பி, நேரே போய் எங்கள் வீட்டு வாசலில் நாற்பது நிமிஷம் நின்றேன். பிறகு லாரியிலேயே படுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் தட்டினேன்.

"ஏன் அன்னிக்கே தட்டல?"

"நீ உள்ள இருந்தே. திறக்காமப் போயிட்டா என்ன பண்றது?"

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு எலுமிச்சம்பழமும் பாதி உரித்த இறாலும் இருந்த படம். மிஸ் விட்காம் சொன்ன பத்து நிமிஷத்துக்கு மேலேயே அதைப் பார்த்தோம். நல்ல படம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர் மூட்டுகளையும் ஆண்டவர் காப்பாராக. நாற்பது வருஷமாக மனதில் கிடந்ததை இறக்கிவைத்ததில் நிம்மதியாக இருக்கிறேன்.

அன்புத் தம்பி,
ஆல்பின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் லவேர்ன் இதை வாங்கிப் படித்தாள். அன்று மாலை அவள் வீட்டிலேயே இல்லையாம். விளக்கை அணைக்க மறந்துவிட்டு, என்னைக் கூட்டிவர உன் வீட்டுக்கு வந்திருந்தாளாம். நீ காபி கொடுத்து, "அவன்கிட்ட சொல்லாதே, தலைக்கனம் ஏறிடும்" என்று சொல்லி அனுப்பினாயாம். உடனே போன் செய்யவும்.