முட்டுக்காட்டில் ஒரு சமாதானப் படகு

எல்லாத் தேதியையும் நினைவில் வைத்திருப்பவனை யாருக்கும் பிடிக்காது. எனக்கு இது புரிந்தது முட்டுக்காட்டில், தண்ணீருக்கு நடுவில்.

கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியன். அங்கே தலைமையாசிரியை ஸ்டெல்லாவும் கணக்கு டீச்சர் கலைவாணியும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். கலைவாணி எட்டாம் வகுப்புப் பலகையில் பாதிக் கணக்கைப் போட்டு, ‘அழிக்கக் கூடாது’ என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அதிகாரி வருகிறார் என்று ஸ்டெல்லா அதைத் துடைத்து ‘நல்வரவு’ எழுதிவிட்டார். (‘அழிக்கக் கூடாது’ என்பதையும் சேர்த்துத்தான் துடைத்தார்.) கலைவாணி இடமாறுதல் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டியவன் நான். என் மகனே என்னிடம் பின்னம் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிப் பிணக்குகளைத் தீர்ப்பது பற்றிச் செங்கல்பட்டில் ஒரு பயிற்சி. பிணக்கின் வேரைத் தேடு, இருவரையும் ஒரே வேலையில் இறக்கு என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டதால் வேறென்ன சொன்னார்கள் என்று தெரியாது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஆசிரியர்கள் எல்லோரும் முட்டுக்காடு படகுத்துறைக்குப் போனோம். இருவரையும் ஒரு மிதிபடகில் ஏற்றினேன். முன்னால் இருவரும் சேர்ந்து மிதிக்க வேண்டும். பின்னால் நான், சமாதானத் தூதுவன்.

கரை விலகியதும் வேரைத் தேடத் தொடங்கினேன். ஆனி மாதம் நடன ஒத்திகைக்காகப் பறிபோன கணக்குப் பீரியடு, ஆடியில் பதில் சொல்லப்படாத ஒரு வணக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“அத நான் மறந்தே பூட்டேன் சார். நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க,” என்றார் கலைவாணி.

ஸ்டெல்லா முன்னோக்கி மிதித்தார். கலைவாணி பின்னோக்கி மிதித்தார். படகு நின்றது. கரையிலிருந்து படகுக்காரர் கத்தினார்: “அண்ணாத்த, ஒரே எடத்துல இன்னா பண்ணிகினு கீறீங்க?”

எனக்கும் அது புரியவில்லை.

“எறங்கினதும் மாறுதலுக்கு எழுதித் தரேன்,” என்றார் கலைவாணி.

“தாங்க. ஒடனே கையெழுத்துப் போடறேன்.”

எனக்குக் கண்முன்னே பின்னங்கள் தெரிந்தன. “ரெண்டு பேரும் பொறுங்க. வேரு எதுன்னா, அந்த போர்ட அழிச்சது. அது திங்கக்கெழம...”

“செவ்வா,” என்றார் ஸ்டெல்லா.

“செவ்வாதான்,” என்றார் கலைவாணி. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார்.

“இல்ல டீச்சர், திங்கள். எனக்கு நல்லா...”

“இன்னா சார் நீங்க? அன்னிக்கு சத்துணவுல கொண்டக்கடல சாதம். அது செவ்வாக்கெழமதான?” என்றார் ஸ்டெல்லா.

“ஆமா டீச்சர். நீங்ககூட எனக்கு ஒரு கரண்டி வச்சீங்களே,” என்றார் கலைவாணி.

“வச்சேன்.” ஸ்டெல்லா மிதிப்பதை நிறுத்தினார். “அப்புறம் எழுந்து போயி போர்ட அழிச்சேன்.”

“சாப்ட்ட கைகூடக் காயல உங்களுக்கு.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. (தேதி தவறாத எனக்கே தெரியவில்லை.)

“கெழமையே தெரியல, இவரு பசங்களுக்கு சரித்திரம் எடுக்கறாரு டீச்சர்,” என்றார் கலைவாணி.

“அதான் நானும் பாக்கறேன்.”

இருவரும் ஒரே பக்கமாக மிதித்தார்கள். படகு பாய்ந்ததில் நான் பின்னால் சாய்ந்தேன். வெயிலுக்குப் போட்டிருந்த என் தொப்பி காயல் தண்ணீரோடு போயிற்று. மாறுதல் பேச்சும் அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து, பலகையை அழித்த தேதியை நாள்காட்டியில் பார்த்தேன். திங்கள்தான். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் சத்துணவு அக்காவைக் கேட்டேன். “அன்னிக்கு காய் வண்டி வர்ல சார். செவ்வாக்கெழம சாப்பாட்ட திங்கள்ல போட்டுட்டோம்,” என்றார்.

உடனே எச்.எம். அறைக்குப் போகலாமா என்று மனைவிக்கு போன் செய்தேன்.

“போங்க. அப்புறம் எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு யாரு எடுப்பா?”

திரும்பி வந்துவிட்டேன். கலைவாணி டீச்சர் ஓய்வு பெறும்வரை வாயைத் திறக்கவில்லை. இன்றும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வான்: “செவ்வாப்பா.”