உடையாத விளக்குகள்

பத்து மணிக்கு வரி அதிகாரி சரக்கை எண்ண வருகிறார். ஒன்பது மணிக்குத்தான் இன்ஷிராஹ் அலமாரியைத் திறந்தாள். வீட்டிலிருந்தே கண்ணாடி விளக்குகளைப் பார்சலில் விற்பது அவள் தொழில்; கணக்குப்படி அலமாரியில் இருபது விளக்குகள் இருக்க வேண்டும். இருந்தவை இரண்டு.

"மிச்சம் எங்கே?" என்றான் கணவன் ஷவ்கி.

"அஸ்வான் ஊருக்குப் பார்சல் போறதுக்குள்ள உடைஞ்சுபோச்சுன்னு வாங்கினவங்க போட்டோ அனுப்புறாங்க. பதிலுக்கு இன்னொண்ணு அனுப்புறேன். காசே வராததைக் கணக்குல என்னன்னு எழுதறது?"

ஷவ்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"கணக்குல இருக்கு, வீட்டுல இல்லன்னா, ரகசியமா வித்துட்டோம்னு அர்த்தம். மீன் சந்தைப் பக்கம் ஒருத்தன் கடைக்கு சீல் வெச்சாங்க. ஆளையும் கூட்டிட்டுப் போனாங்க."

ஷவ்கிக்குத் துறைமுக வேலை போனதிலிருந்து குடும்பமே அந்த விளக்குகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"திருடு போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?"

"சொல்லு. போலீஸும் சேர்ந்து வரட்டும்."

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அவளிடம் விளக்கு வாங்காத வீடே இல்லை. இன்ஷிராஹ் காவல்காரர் பகீத்தைக் கூப்பிட்டாள்.

"பகீத் அண்ணே, வீட்டுக்கு ஒரு விளக்கு. கொஞ்ச நேரம் இரவல். காரணம் கேக்காதீங்க."

பகீத் கேட்கவில்லை. தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து எல்லா மாடிகளிலும் சொல்லிவிட்டார். கேட்டதை மட்டும் கொடுத்தால் மானம் போய்விடும் அண்டை வீட்டாருக்கு. மூன்றாம் மாடி தஹானி, சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கிய விளக்கைச் சூடு ஆறுமுன்பே கழற்றித் தந்ததோடு, மருமகளின் சீர்வரிசையில் வந்த இரண்டையும் சேர்த்து அனுப்பினாள்.

"இருபத்தேழு இருக்கு," என்றான் ஷவ்கி. அவன் குரல் இறங்கிவிட்டது. "கூடினா இன்னும் மோசம்டி. ரசீது இல்லாம சரக்கு வாங்கினோம்னு ஆயிடும்."

ஏழு விளக்குகளைக் குளியல் தொட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தும்போது வாசல் மணி அடித்தது.

அதிகாரி ஒல்லியான மனிதர். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வயதான பியூன்.

"கை கழுவணும்," என்றார் அதிகாரி.

"தண்ணி வரலீங்க," என்றான் ஷவ்கி.

அப்போது பக்கத்து வீட்டில் குழாய் கொட்டும் சத்தம் சுவர் வழியே தாராளமாகக் கேட்டது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். ஒரு விளக்கைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"புதுச் சரக்கா?"

"ஆமாங்க."

"ஈ செத்துக் கிடக்கே."

"அதுக்குத் தனியாக் காசு வாங்கறதில்லீங்க," என்றான் ஷவ்கி.

அதிகாரி ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகம் வந்தவர்போல மறுபடி எண்ணினார். இருபது.

"எல்லாம் முழுசா இருக்கு. இல்லையா மேடம்?"

"முழுசா இருக்குங்க."

"உடைஞ்சதுக்குப் பதிலா எதுவும் அனுப்பலியே?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

அவர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கினார். இன்ஷிராஹ் இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே சோபாவில் சரிந்தாள். பியூன் மட்டும் அவர்கள் கொடுத்திருந்த தேநீரின் மிச்சத்தைக் குடித்து முடிக்க நின்றார்.

"கண்ணாடி வியாபாரமாச்சே, உடைஞ்சதுக்குப் பதிலா அனுப்பினதையெல்லாம் செலவுல கழிச்சா உங்களுக்கு வரியே வராதுன்னு சொல்லிட்டுத்தான் சார் வந்தாரு," என்றார் தம்ளரை வைத்தபடி. "ஒண்ணுகூட உடையலேன்னுட்டீங்க, முழு வரியையும் கட்டிடுங்க மேடம்."