அலுங்காமல் ஒரு முதல் நாள்

“கைடுகளுக்கு நான் திட்டம் போட்டுக் குடுத்தது போதும், ஹோங் அண்ணா. என்னையே கைடாப் போடுங்க.”

முதலாளியிடம் வாய்விட்டு எதையும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அம்மா மாலிஸை சுற்றுலா அலுவலக வேலைக்கு சியெம் ரீப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை போனால் திரும்பவும் வயலில் இறங்கி நாற்று நட வேண்டியதுதான்.

“சரி,” என்றான் ஹோங்.

சரியா? அவள் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாலே முறைக்கிற மனிதன். மாலிஸுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

“நாளைக்கு பட்டம்பாங்லேர்ந்து ஃபல்லின்னு ஒரு அம்மா வராங்க, மரியாதையா சித்தின்னு கூப்பிடு. முதல் நாள் அலுங்காம குலுங்காம இருக்கணும். நீயே திட்டம் போடு, நீயே கூட்டிட்டுப் போ. கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இரு. நல்லபடியா முடிஞ்சா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“உங்களுக்கு என்ன நல்லது?”

ஹோங் வெட்கப்பட்டான். முப்பது தாண்டியும் கல்யாணமாகாத ஆள் வெட்கப்பட்டதைப் பார்த்து மாலிஸ் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள். தலையில் வேறு புது எண்ணெய் மினுங்கியது.

மறுநாள் திட்டத்தில் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. தாமதமாக எழுந்து மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். பிறகு பாராய் ஏரிக்கரையில் வலை ஊஞ்சல், பொரித்த கோழி, தூக்கம். சாயங்காலம் அங்கோர் வாட் கோயில் அகழியோரம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டால் நாள் முடிந்தது.

ஃபல்லி சித்தி ஊஞ்சலில் படுத்தாள். தூங்கத்தான் இல்லை.

“சமைக்கத் தெரியுமாம்மா?”

ஓகோ, ஹோங்குக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறாள்! நேற்றைய ‘சரி’ இதற்குத்தானா? மாலிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிக் கழிக்க ஒரே வழிதான்.

“முட்டை வேகவெச்சாலே சட்டி கருகிடும்.”

“அடடா. பழகிக்கலாம். கோவம் வருமா?”

“மூக்கு மேலயே இருக்கும். போன வாரம் கால்குலேட்டர் பறந்துச்சு.”

பயப்படுவாள் என்று பார்த்தால், சித்தி எழுந்து உட்கார்ந்து பெரிய கோழிக்காலாகப் பொறுக்கி அவளிடம் நீட்டினாள். “மனசுல உள்ளத அப்படியே சொல்ற பொண்ணு நீ. சாப்பிடு. இன்னும் சொல்லு.”

பிடித்துப்போய்விட்டதே! சும்மா படுக்க வைத்தால்தானே இத்தனை கேள்வி? மாலிஸ் டுக்டுக் ஓட்டும் சாரோமைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, பாக்கெங் குன்றுக் கோயிலுக்கு விடுங்க.”

“முதல் நாளேவா? அந்தம்மா முட்டி கழண்டுடும்.”

“கழலட்டும்.”

சித்தி ஆடு மாதிரி ஏறினாள். பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தது மாலிஸ்தான்.

“குடிப்பழக்கம் உண்டா?” மேல்படியிலிருந்து குரல் வந்தது.

“தினமும்!” என்று கத்தினாள் மாலிஸ். ஏறிக்கொண்டிருந்த பிக்கு ஒருவர் ஒதுங்கி நடந்தார்.

சித்தி இறங்கி வந்து அவள் தலையை வருடினாள். “பாவம்மா நீ.” பிறகு போனை எடுத்தாள். “ஆமா ஹோங் தம்பி, கேட்டாச்சு. முடிவ நேர்லயே சொல்லிடறேன்.”

முடிவை இவள் சொல்வதா? அகழியும் வேண்டாம், பாயும் வேண்டாம் என்று மாலிஸ் வண்டியை நேராக அலுவலகத்துக்கே திருப்பச் சொன்னாள்.

வாசலில் ஹோங் புதுச் சட்டையோடு நின்றான். கையில் கல்யாண ஊர்வலத்தில் தூக்குவது போலப் பழத்தட்டு.

“தட்டு வரைக்கும் வந்தாச்சா?” மாலிஸ் அலுவலகச் சாவியை வாசல் மேஜையில் வீசினாள். “ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. உங்களக் கட்டிக்கிட்டுத்தான் நான் கைடு ஆகணும்னா, அந்த வேலையே எனக்கு வேண்டாம். ஊர்ல உங்க கடை ஒண்ணுதானா இருக்கு?”

ஹோங் ஓரடி பின்வாங்கினான். தட்டிலிருந்து ஒரு மாதுளை உருண்டது.

மாலிஸ் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். முதுகுக்குப் பின்னால் ஃபல்லி சித்தியின் குரல் உயர்ந்தது.

“நீ தினமும் குடிக்கிறேன்னு இவ சொன்னதக்கூட மன்னிச்சிருப்பேன் தம்பி, என் மகளக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு இந்தப் பொண்ணையும் வளைக்கப் பாத்தியே!”