விளம்பரத்துக்குக் கம்பளி போர்த்தியவர்

ஜெகதளா பேக்கரிக்குள் கரடி புகுந்து ஒரு தட்டு வர்க்கியைத் தின்றுவிட்டுப் போனதே, அந்த வாரம்தான் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வைஃபை வந்தது. கரடியாவது பேக்கரிக்காரர் ஒருவரோடு விட்டது.

பாய்லர் மாதிரி கோபக்காரரை இந்த மலை கண்டதில்லை. டீ ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவர், அதுவே பேராகிவிட்டது. ரிட்டயர் ஆகியும் கொதிப்பு அடங்கவில்லை. பெரிய டிவி அவர் வீட்டில்தான். அவருடைய வைஃபையைத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் போனில் போட்டுக்கொண்டோம். சாயங்காலமானால் நாடகம் பார்க்க அங்கேயே கூடுவோம்.

ஒருநாள் நாடகத்தின் நடுவே முடி முளைக்கிற எண்ணெய் விளம்பரம் வந்தது. விட்டால் மறுபடி அதே எண்ணெய். தொப்பியே கழற்றாத ஜீப் டிரைவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மனுசன் எழுந்து போய்விட்டார். பாய்லர், நெட் மாட்டியவரைக் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே வைஃபைங்க. யார் போன்ல என்ன தேடுனாலும் அந்த விளம்பரம் உங்க டிவிக்கு வரும். நாடகம் நிக்கற நொடியில கம்ப்யூட்டரே ஏலம் போட்டுரும். அதிகம் கேக்கறவன் விளம்பரம் ஓடும்."

குன்னூர் தேயிலை ஏலம் பாய்லருக்குத் தெரியும். "தூளை ஏலம் உடறதுன்னாக்கூட எஸ்டேட்டுக்காரனைக் கேட்டுத்தான் உடறான். எங்க ஊட்டை ஏலம் உட யாரைக் கேட்டீங்க?"

"நீங்கதாங்க ஓகேன்னு அமுக்கியிருப்பீங்க."

"படம் வரமாட்டேங்குதேன்னு அமுக்குனேன். அதுக்குக் குடும்பத்தையே எழுதி வாங்கிருவீங்களா?"

அடுத்து வந்தது குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி விளம்பரம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் புருஷனும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ரகசியமாகப் போய்வருவது பாய்லருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். பஸ் ஸ்டாண்டில் எங்களிடம் மாட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஸ்டெல்லாவின் மாமியார். அந்த அம்மாளுக்குத் தெரிந்தால் மறுநாள் கொழுந்தெடுக்கிற காடு முழுக்கத் தெரியும்.

பாய்லர் எழுந்து, போர்த்தியிருந்த கம்பளியை டிவி மேல் போட்டார்.

அதிலிருந்து எந்த விளம்பரம் வந்தாலும் கம்பளிதான். சோப்புக்கும் போர்த்தினார், பிஸ்கட்டுக்கும் போர்த்தினார்.

"ஏனுங்க, டிவிக்குக் குளுருதுங்களா?" என்பார் மாமியார். பாய்லர் முறைப்பார்.

ஒரு சாயங்காலம் அவர் டீ போட உள்ளே போன நேரம், அந்த ஆஸ்பத்திரி விளம்பரம் முழுசாக ஓடிவிட்டது. மாமியார் சுற்றிலும் பார்த்தார். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த லைன்ல யாருக்கு இது? யாரு தேடுனது?"

பாய்லர் டம்ளரோடு வாசற்படியில் நின்றார். "நான்தான் தேடுனேன்."

"நீங்களா? பொண்டாட்டியும் இல்லாம, இந்த வயசுல எதுக்குங்க?"

"வெசாரிச்சு வெச்சுக்கிட்டா தப்புங்களா, அம்மிணி?"

லைனே உருண்டு சிரித்தது. அன்றைக்கே 'புது மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். மளிகைக் கடைக்குப் போனால் தொட்டில் கயிற்றை எடுத்துக் காட்டுவார்கள். டீயில் சர்க்கரை குறைந்தாலே கொதிக்கிற மனுசன், அதற்கு மட்டும் ஒருநாளும் கொதிக்கவில்லை.

விளம்பரக் கம்பெனியில் உங்கள் பிள்ளைகள் யாராவது வேலை பார்த்தால் போய்ச் சொல்லுங்கள். ஒரு பெண் தலை நிமிர்ந்து நாடகம் பார்ப்பதற்கு, எழுபது வயசு மனுசன் மாப்பிள்ளையாக வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள்.