என் துக்கத்தைத் தைத்து விற்கிறார்கள்

மிலான், அக்டோபர் 9

அன்புத் தங்கை நிவெஸுக்கு அண்ணன் எர்மெதே எழுதிக்கொண்டது. ஃபெர்ராராவில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் சௌக்கியமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் உன் அண்ணி பியெரா போய்ச் சேர்ந்த மறு வாரம், ரொட்டி வாங்கக் கிளம்பியபோது என் கோட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் (அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்) கதவருகே தொங்கிய அவளுடைய பச்சைக் கோட்டைப் பைஜாமாவின் மேல் மாட்டிக்கொண்டு, பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டு இறங்கிவிட்டேன். தெருமுனையில் எவனோ படமெடுத்தான். சுற்றுலாக்காரன் என்று விட்டுவிட்டேன். பிப்ரவரியில், வால்தொரி என்ற பெரிய உடை நிறுவனம் தன் குளிர்கால உடைகளின் ஃபேஷன் ஷோவுக்கு என்னை அழைத்தது, அதுவும் முன்வரிசையில். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இந்த மரியாதை எதற்கு என்று புரியாமலேயே போய் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. முப்பத்தாறு இளைஞர்கள், கன்னம் ஒட்டி, பைஜாமாவின் மேல் பச்சைக் கோட்டும் தள்ளிப் போட்ட பொத்தானும் கையில் ஒரு ரொட்டியுமாக, என் வலது காலைப் போலவே இழுத்து இழுத்து நடந்து வந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கோ என் வீட்டுச் சாவு முப்பத்தாறு தடவை நடந்த மாதிரி இருந்தது. கடைசிப் பையன் அருகில் வந்தபோது தாங்கவில்லை. எழுந்து போய், "கொஞ்சம் நில்லுப்பா" என்று அவன் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டேன். அவன் உதடு அசையாமல், "ஐயா, தப்பாப் போடத்தான் ரெண்டு நாளாப் பழகினோம்" என்றான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அதுவும் ஷோவில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். உடைகளை வடிவமைத்த தான்கிரெதி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க சோகத்துக்குன்னு ஒரு நேர்த்தி இருக்குங்க. அது யாருக்கும் வராது" என்றார். "வராமலே இருக்கட்டும்" என்றேன்.

இப்போது அந்தக் கோட் கடைக்கு வந்துவிட்டது. வங்கி மேலாளர் போட்டிருக்கிறார், புது மாப்பிள்ளை போட்டிருக்கிறான். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் என்னைப்போல் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மனைவி உயிரோடு இருக்கிறாள். நேற்று நான் அசல் கோட்டோடு இறங்கியபோது, எங்கள் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொலோம்பா படியைத் துடைத்துக்கொண்டே, "என்னங்க எர்மெதே, இந்த வயசுல ஃபேஷன் கேக்குதோ? உங்களுது போலி மாதிரி தெரியுதே. மத்தவங்களுது துணி நல்லாருக்கு" என்றாள். திரும்ப ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுவதற்கென்று எனக்கு இருந்த ஒரே துணி, நிவெஸ், அதையும் ஊர்ப்பொதுவாக்கிவிட்டார்களே. வழக்குப் போடப் போகிறேன். கோட்டை உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன். யார் கண்ணிலும் படாமல் பூட்டி வை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும், ஜோடியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் எர்மெதே

பின்குறிப்பு: தபால் நிலையத்துக்குப் போகிற வழியில், சண்டை போடலாமென்று வால்தொரி நிறுவனத்துக்குள் நுழைந்தேன். தையல் அறையில் போய், இது செத்துப்போன என் பியெராவின் கோட் என்று கத்தினேன். அங்கே ஒரு பெண், வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அந்தம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். இந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை, நீ உட்பட. மூன்று மணி நேரம் பேசினேன். வழக்கு இல்லை, பார்சலும் இல்லை. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். பியெரா சிரிக்கிற படம் உன் கல்யாண ஆல்பத்தில்தான் இருக்கிறது; அதற்குள் வந்து சேரும்படி அனுப்பு.